காய்ந்த ரொட்டியின் ருசி

இத்தாலியில் தஸ்கனி வட்டாரத்து ரொட்டியில் உப்பே கிடையாது. முதல் கடி சப்பென்றிருக்கும். ஏன் உப்பில்லை என்பதற்குப் பழைய உப்பு வரி, பீசாவோடு பகை என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எனக்கு அந்தக் கதைகளைவிட, காய்ந்து கல்லான பிறகும் அந்த ரொட்டிக்கு வீடுகளில் கிடைக்கும் மரியாதைதான் பிடிக்கும்.

கோடையில் அதைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து உதிர்த்து, தக்காளி, வெங்காயம், பேசில் இலை, வினிகர், ஆலிவ் எண்ணெய் சேர்த்துப் பிசறினால் பன்சனெல்லா. அடுப்பே வேண்டாம். பூண்டு மணக்கும் தக்காளிச் சாற்றில் குழைய வேகவிட்டால் பாப்பா அல் போமோதோரோ. இதைப் புகழ்ந்து அறுபதுகளில் ரீட்டா பவோனே பாடிய பாட்டு இத்தாலி முழுக்கப் பிரபலம்.

குளிர்காலத்து ரிபொல்லிதாதான் உச்சம். வெள்ளை பீன்ஸும், கறுப்பு முட்டைக்கோஸ் என்று அவர்கள் சொல்லும் கரும்பச்சைக் கீரையும் வெந்த சூப்பில் ரொட்டியைப் போட்டு ஊறவிடுவார்கள். மறுநாள் திரும்பவும் கொதிக்கவைப்பார்கள். கரண்டி நிமிர்ந்து நிற்கிற பதம் வரவேண்டும். உப்பும் காரமும் சூப்போடு சரி. உப்பில்லாத ரொட்டி அந்த ருசிக்குக் குறுக்கே வராது. ரிபொல்லிதாவை அன்றே செய்து அன்றே பரிமாறும் உணவகத்தை நான் நம்பமாட்டேன். மேலே பச்சையாகக் கொஞ்சம் ஆலிவ் எண்ணெய் ஊற்றினால் போதும், துருவிய சீஸ் தேவையில்லை.