கண்ணாடி இல்லமும் அதில் வாழ்ந்தவரும்

ஓவியத்தை விரும்பாதவர் அதனை விட்டு விலகிச் செல்லலாம்; வீட்டில் வாழ்பவருக்கோ அவ்வாறு விலகுதல் எளிதன்று. அங்கேதான் அவர் உண்ணவும் உறங்கவும் வேண்டியுளது. ஆதலின் ஒரு வீட்டை மதிப்பிடப் புகுவோர் அதன் வடிவழகை மாத்திரம் நோக்கி அமைதல் சாலாது. அவ்வழகின்பொருட்டு அதில் வாழ்ந்தவர் எதனை இழந்தார் என்பதையும் நோக்குதல் வேண்டும். இவ்வாராய்ச்சிக்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டு, ஐக்கிய அமெரிக்காவின் இலினோய் மாநிலத்திலே, பிளேனோ என்னும் ஊரின் அருகே, பொக்ஸ் ஆற்றங்கரையில் நிற்கும் பாண்ஸ்வேத் இல்லமாகும்.

சிக்காகோ நகரில் மருத்துவராய் விளங்கிய எடித் பாண்ஸ்வேத் அம்மையார் வார இறுதி நாள்களை ஓய்வாகக் கழித்தற்கு ஓர் இல்லம் வேண்டினார். அதனை வகுத்தவர் ஜெர்மனியிற் பிறந்து சிக்காகோவிற் குடியேறிய மீஸ் வான் டெர் றோ என்னும் கட்டடக் கலைஞர். 1945இல் தொடங்கிய முயற்சி 1951இல் நிறைவெய்தியது.

வெள்ளை வண்ணம் பூசிய எட்டு உருக்குத் தூண்கள் தரைத்தளத்தையும் கூரைத்தளத்தையும் தாங்கி நிற்கின்றன. இரு தளங்களுக்கும் இடையே நாற்புறமும் கண்ணாடி. வெள்ளத்திற்கு அஞ்சித் தரைத்தளம் நிலத்தினின்றும் ஐந்தடிக்கு மேல் உயர்த்தப்பட்டுளது. உள்ளே இருப்பது ஒரே கூடம். அதன் நடுவே மரப்பலகையால் மூடிய பகுதியொன்று குளியலறைகளைத் தன்னுள் அடக்கி, ஒரு பக்கம் அடுக்களையையும் மறுபக்கம் கணப்பையும் கொண்டுளது. மேற்கே கூரையுடைய திறந்த விறாந்தையும், அதற்கு முன்னே சற்றுத் தாழ்ந்த மேடையும் உள. மேடை, விறாந்தை, கூடம் ஆகிய மூன்றிலும் ஒரே வகைக் கல்லே பாவப்பட்டிருத்தலின், புல்வெளியினின்றும் படியேறி வருபவருக்கு வெளியுலகம் எவ்விடத்தில் முடிந்து வீடு தொடங்குகின்றது என்பது எளிதிற் புலப்படாது. அகத்தையும் புறத்தையும் இணைத்தற்கு மீஸ் கண்ட வழிகளுள் இதுவே தலைசிறந்தது எனலாம்.

எனினும், அவ்விணைப்புப் பெரும்பாலும் கண்ணோடு நின்றுவிட்டது. காட்சியை உள்ளே விட்ட கண்ணாடி காற்றை விடவில்லை. மேற்கே ஒரு வாயிலும் கிழக்கே தாழ அமைந்த இரு சிறு யன்னல்களுமே திறக்கத்தக்கவை. கோடையில் வெப்பம் மிகுந்தது. குளிர்காலத்தில் கண்ணாடியில் நீர் படிந்தது. இரவில் ஏற்றிய விளக்கு பூச்சிகளை அழைத்தது. விறாந்தையிலே நுளம்பு புகாத வலையைப் பிற்பாடு பொருத்த நேர்ந்தது. உடை வைத்தற்குரிய அலுமாரியும் தொடக்கத்தில் இல்லை. ஒளிந்திருத்தற்கு இடமற்ற அவ்வீட்டில் தாம் பட்ட இன்னலை அம்மையார் 1953இல் இதழ்வாயிலாக வெளியிட்டார். செலவு பற்றி எழுந்த பிணக்கு நீதிமன்றம் வரை சென்றது.

மீஸின் சார்பிலும் சில கூறலாம். தெற்கே நின்ற பெரிய மேப்பிள் மரத்தின் நிழலை நம்பியே அவர் வீட்டை நிறுத்தினார்; வார இறுதியில் ஒருவர் தங்குதற்கு ஒரு கூடம் போதும் எனவும் கருதினார். அம்மையாரும் ஏறக்குறைய இருபதாண்டுகள் அவ்வீட்டைப் பயன்படுத்தினார் என்பதை மறத்தலாகாது. ஆயினும் 1954இலும் 1996இலும் ஆற்று வெள்ளம் அவ்வுயர்ந்த தளத்தையும் கடந்து உள்ளே புகுந்தது. இயற்கையை எட்ட நின்று நோக்கும் காட்சியாகக் கொண்ட திட்டத்தின் குறையை அது நன்கு உணர்த்துகின்றது.

மீஸின் இத்திட்டத்தால் ஊக்கம் பெற்ற பிலிப் ஜோன்சன் என்னும் கலைஞர், நியூ கேனன் என்னும் ஊரிலே 1949இல் தமக்கெனக் கண்ணாடி வீடு ஒன்றை அமைத்தார். அதன் எதிரே திண்ணிய சுவருடைய செங்கல் வீடு ஒன்றையும் அவர் எழுப்பினார். திறந்த வெளியில் வாழ விரும்புபவருக்கும் ஒதுங்கியிருக்க ஓர் இடம் வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. தமக்கென வகுத்தவர் அத்தேவையை மறக்கவில்லை. பிறருக்கென வகுத்தவர் அதனைப் பொருட்படுத்தவில்லை.

1972இல் அம்மையார் வீட்டை விற்றார். 2003இல் மரபுச் சின்னங்களைப் பேணும் அமைப்புகள் அதனை ஏலத்தில் வாங்கின. இன்று அது பார்வையாளர் காணும் இடமாக உளது; அந்நிலையில் அதன் அழகுக்குக் குறைவேயில்லை. 2021இல் அதன் பெயர் எடித் பாண்ஸ்வேத் இல்லம் என மாற்றப்பட்டமை, அதில் வாழ்ந்தவரை நினைவுகூரும் பொருத்தமான செயலாகும்.

எளிமை சிறந்த பண்பே. வேண்டாதவற்றை நீக்கும் எளிமை வாழ்பவருக்கு ஓய்வளிக்கும். வேண்டியவற்றையும் நீக்குவது வகுத்தவரின் மனநிறைவுக்கே உதவும். சுவரை நீக்க விழைவோர், அச்சுவர் தந்த நிழலையும் மறைவையும் வேறு எவ்வாற்றால் அளிக்கலாம் என்பதை முதலில் ஆராய்தல் நன்று. பாண்ஸ்வேத் இல்லத்தின் பெருமையும் குறையும் ஒருங்கே உணர்த்தும் உண்மை இதுவாகும்.