கைகாட்டலும் அழைத்தலும்

மாணவர்க்கென வெளிவந்த உரைக் கையேடு ஒன்றை அண்மையில் புரட்ட நேர்ந்தது. கம்பர் பாடிய மிதிலைக் கொடிகளையும், இளங்கோவடிகள் பாடிய மதுரைக் கொடிகளையும் தற்குறிப்பேற்ற அணிக்குச் சான்றாகக் காட்டும் அந்நூல், இரண்டிடத்தும் ‘கொடிகள் கைகாட்டி அழைத்தன’ என்று ஒரே தொடரால் பொருள் எழுதிச் செல்கிறது. அணி சரியே, பொருள் பெரும்பிழை.

மிதிலைக் கொடி இராமனை விரைந்து வரச் சொல்கிறது. திருமகள் அங்கே இருக்கிறாள். மதுரைக் கொடியோ கோவலனையும் கண்ணகியையும் வரவேண்டா என்கிறது. உள்ளே கொலை காத்திருக்கிறது. காற்றில் ஆடும் துணி ஒன்றுதான். நம் நாட்டில் உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து விரல்களை மடக்கினால் ‘வா’. அதே கையைப் புறத்தே வீசினால் ‘போ’. (ஒற்றை விரலை மடக்கிப் பெரியவரைக் கூப்பிடும் பிள்ளைக்கு வீட்டில் வசை நிச்சயம்!) தொலைவிலிருந்து காண்பார்க்கு இரண்டும் மயங்கும். அம்மயக்கம் தீரவே கம்பர் ‘அழைப்பது’ என்றார். அடிகள் ‘மறித்து’ என்றார். கைகாட்டுதல் தனித்து நின்று அழைப்பாகாது. இருப்புப்பாதை ஓரத்தில் நின்ற கைகாட்டி, வண்டியை நிறுத்தவும் செய்தது, விடவும் செய்தது.

அரபியிலும் இதே கவனம் வேண்டும். ஸூரத்து மர்யமின் 29ஆம் வசனத்தில், பேசா நோன்பிருந்த மர்யம் (அலை) அவர்கள் குழந்தையை நோக்கிச் சைகை செய்கிறார்கள். அங்குள்ள வினை ‘அஷாரத்’. இதனை ‘அழைத்தார்’ என்று பெயர்த்தால் தொட்டில் குழந்தையை எழுந்துவரச் சொன்னதாக முடியும். கூட்டத்தார் அப்படிக் கொள்ளவில்லை. குழந்தையோடு எவ்வாறு பேசுவது என்றல்லவா வியந்தனர்? ‘சுட்டிக் காட்டினார்’ என்பதே பொருத்தம். அதே ஸூராவின் 11ஆம் வசனத்தில் பேச்சு தடைபட்டிருந்த ஸகரிய்யா (அலை) அவர்கள் தம் மக்களைக் காலையும் மாலையும் இறைவனைத் துதிக்க ஏவுகிறார்கள். அது மெய்யாகவே சைகையால் விடுத்த அழைப்பு. ஆனால் வினை ‘அவ்ஹா’. ‘வஹீ’ பிறந்த அதே வேர். வேரை மட்டும் பார்த்து ‘வஹீ அறிவித்தார்’ என்று எழுதுவது தகாது. இந்நிகழ்ச்சியையே கூறும் ஆல இம்ரான் 41ஆம் வசனம் ‘ரம்ஸ்’, அதாவது சாடை, என்று தெளிவாக்கிவிடுகிறது.

கையேட்டை நம்பி, மதுரைக் கொடி அழைத்ததாக எழுதியிருந்த என் மாணவனுக்கு மதிப்பெண் குறைக்க மனம் வரவில்லை. பாடலில் ‘மறித்து’ என்ற சொல்லின்கீழ்ச் சிவப்பு மையால் கோடிட்டு, விடையைத் திரும்ப எழுதிவரச் சொன்னேன்.