உடையார்குடிக் கல்வெட்டும் கல்கியின் கதையும்

ரொமான்ஸ் என்றதும் இன்று காதல்தான் நினைவுக்கு வருகிறது. ஐரோப்பிய இலக்கியத்தில் அது நெடுங்காலம் ஒரு கதைவகையின் பெயர்: குதிரையேறிப் புறப்படும் வீரன், வழியெல்லாம் ஆபத்து, பிறப்பு ரகசியம், ஆள்மாறாட்டம், கடைசியில் பெருந்தியாகம். வால்டர் ஸ்காட்டும் அலெக்சாந்தர் டூமாவும் இந்தக் கதைவகையைச் சரித்திரத்தோடு பிணைத்தார்கள். அந்தப் பிணைப்பைத் தமிழ் வார இதழ் வாசகருக்கு உரியதாக்கியவர் கல்கி. 1950 முதல் 1954 வரை தொடராக வந்த 'பொன்னியின் செல்வன்' அதன் உச்சம். அந்த நாவலை வைத்தே இந்த வகையின் வலிமையையும் குறையையும் எடைபோடலாம். சான்றுகள் வாய்திறக்காத இடத்தில் அது அற்புதமாக வேலை செய்கிறது. சான்று பேசத் தொடங்கும் இடத்தில் தடுமாறுகிறது.

முதலில் வலிமை. வல்லவரையர் வந்தியதேவர் சோழ இளவரசி குந்தவையின் கணவர் என்பதைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு சொல்கிறது. அவரைப் பற்றி அதற்கு மேல் நமக்குத் தெரிந்தது மிகக் குறைவு. அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு, ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையை நடத்திவரும் ஓர் இளைஞனைக் கல்கி படைத்தார். கையில் ஓலையோடு போகிற தூதன் என்பதால், அரண்மனை அந்தரங்கம் முதல் கோடிக்கரைப் படகு வரை எங்கும் அவன் நுழைய முடிகிறது. அவனோடு நாமும் நுழைகிறோம். ஸ்காட்டின் நாயகர்கள் மாமன்னர்கள் அல்லர், இரு தரப்புக்கும் நடுவே நிற்கும் நடுத்தர மனிதர்கள் என்று விமர்சகர் லூக்காச் சுட்டிக்காட்டினார். வந்தியதேவன் அந்த வரிசையில் வருபவன். சோழநாட்டைப் பட்டப்பெயர்களின் பட்டியலாக மட்டும் அறிந்திருந்த வாசகருக்கு அவன் அதை நடந்து பார்க்கும் நிலமாக மாற்றினான்.

கதை தொடங்கும் அதே ஏரியை ஒட்டிய ஊர்தான் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம், இன்றைய காட்டுமன்னார்கோயில். அங்கே உடையார்குடிக் கோயிலில் முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. இராசராசனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகிய சகோதரர்களை அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அவர்களுடைய உறவினரின் சொத்துகளையும் பறிமுதல் செய்யச் சொல்லி ஊர்ச்சபைக்கு ஆணையிடுகிறது. கொலை நடந்து பல ஆண்டுகள் கழித்து, இடையில் உத்தம சோழன் ஆண்டு முடித்த பிறகே இந்த ஆணை வருகிறது. ஏன் இந்தத் தாமதம் என்பது உறுத்தலான கேள்வி. வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழனைச் சந்தேகித்தார். சதாசிவப் பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை.

நாவல் இந்தக் கேள்வியைக் குழந்தை மாற்றத்தால் கரைத்துவிடுகிறது. அரியணைக்கு ஆசைப்பட்ட மதுராந்தகன் வேறு யாரோ பெற்ற பிள்ளையாகிறான். பூக்கட்டும் சிவபக்தன் சேந்தன் அமுதனே உண்மையான உத்தம சோழனாகிறான். பின்னாளில் இராசராசனாகும் அருள்மொழிவர்மன் மகுடத்தை அவன் தலையில் சூட்டுகிறான். சிற்றப்பன் உத்தம சோழன் விரும்பியதால் அருள்மொழி அரசை அப்போது ஏற்கவில்லை என்று புகழ்ந்து சொல்வது திருவாலங்காட்டுச் செப்பேடு. அதாவது, வென்ற குடும்பம் தன்னைப் பற்றி எழுதிவைத்த புகழுரையை நாவல் இன்னும் மெருகேற்றித் தருகிறது. 'சிற்றப்பன் விரும்பினான்' என்ற அந்தச் சங்கடமான ஒரு சொல்லையும் துடைத்துவிடுகிறது.

இது கதைதானே, ஆய்வேடு இல்லையே என்பார்கள். நியாயமான மறுப்பு. நாவலாசிரியனுக்கு இல்லாத சலுகை ரொமான்ஸ் எழுதுபவனுக்கு உண்டு என்று அமெரிக்க எழுத்தாளர் ஹாதார்ன் 1851இலேயே வாதாடினார். ஆனால் மனித மனத்தின் உண்மையிலிருந்து அது விலகக்கூடாது என்றும் சேர்த்துச் சொன்னார். அந்த அளவுகோலையே வைத்துப் பார்ப்போம். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதைக் கல்கி மூடுபனியில் விட்டது இந்த வகையின் உயர்ந்த தருணம். அங்கே பாத்திரங்களின் குற்ற உணர்வு நம்மை வாட்டுகிறது. அரியணைப் போட்டியிலோ மனம் வேலை செய்யவில்லை, பிறப்பு ரகசியம் வேலை செய்கிறது. ஆசைப்பட்டவன் சோழ ரத்தம் இல்லை என்றாகிவிட்டபின், சோழர் குடும்பத்துக்குள் ஒருவர் மற்றவருக்குத் தீங்கு நினைத்திருக்கலாம் என்ற எண்ணத்துக்கே இடமில்லை.

சதியின் வேரும் இப்படித்தான் இடம் மாறுகிறது. ரவிதாசன் கூட்டத்தை, ஆதித்த கரிகாலன் கொன்ற பாண்டிய மன்னன் வீரபாண்டியனின் ஆபத்துதவிகளாக்கி, அவனுக்காகப் பழிவாங்கத் துடிக்கும் நந்தினியோடு கல்கி முடிச்சுப் போடுகிறார். நந்தினி மறக்க முடியாத படைப்பு. ஆனால் கல்வெட்டில் அவள் இல்லை. அதில் பரமேசுவரனுக்கு இருக்கும் பட்டம் இருமுடிச்சோழ பிரமாதிராசன். சோழ அரசு தன் அதிகாரிகளுக்குக் கொடுத்த பட்டம் அது. கொன்றவர்கள் அரண்மனைக்கு வெளியிலிருந்து வந்த பகைவர் அல்லர், உள்ளேயே பதவியில் இருந்தவர்கள் என்ற சாத்தியத்தைத் தொடும் சரித்திரக் கதை ஒன்று, கல்கியின் நடைவேகத்தோடு, இனிமேல்தான் தமிழில் எழுதப்பட வேண்டும்.