சுராங்கனியும் லயத்துப் பாட்டும்

எழுபதுகளில் பதுளை, பசறைத் தோட்ட லயங்களில் நமது இளமைக்குத் தாளமிட்டவை ஏ. ஈ. மனோகரனின் பொப் பாடல்கள். வானொலியில் ‘சுராங்கனி’ எழுந்தால், கொழுந்தெடுத்துக் களைத்த கால்களும் ஆடும். 2018இல் அவர் மறைந்தபின் அப்பாடல்களை மீண்டும் செவிமடுத்தோம்.

அவற்றின் துள்ளல் குன்றவில்லை. 1956இன் தனிச் சிங்களச் சட்டம் பிரித்துவைத்த நாட்டில், போர்த்துக்கேயர் வழிவந்த பைலாத் தாளத்தில் சிங்களத்தையும் தமிழையும் ஒரே மூச்சில் பாடியது சிறு காரியமன்று.

ஆயினும் ஒரு கேள்வி நம்மை உறுத்துகிறது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவுசெய்தது. அதே எழுபதுகளில், தலைமன்னாருக்குப் புறப்பட்ட கோச்சிகளில் நம் தோழர்கள் ஏறினர். நிலையங்களில் ஒப்பாரி எழுந்தது. நாம் நேசித்த பாடல்களில் அவ்வொலி இல்லை.

அது வேறிடத்தில் இருந்தது. சி. வி. வேலுப்பிள்ளை திரட்டிய மலைநாட்டுப் பாடல்களில் கங்காணியின் கொடுமையும் தொழிலாளியின் துயரும் உண்டு. நம் பாட்டிமார் பாடிய அவற்றை நாகரிகமற்றவை என்று நாணி ஒதுக்கியவர்கள் நாமே. குற்றம் பாடகருடையதன்று, ரசிகருடையது.

ஆடிய பாட்டை வெறுக்க வேண்டியதில்லை. அழுத பாட்டையும் நம் மாணவர் அறியட்டும்.