முட்டைக்குள் ஓர் உடல்
(நூல் விமர்சனம்)

ஜவ்வாது மலையில் காவலூருக்குச் சென்ற மாணவர்கள், 1986-இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியைக் கண்டு வியந்திருப்பார்கள். ஆனால் ஒரு விண்மீன் பிறந்து வளர்வதை முழுவதும் பார்க்க மனித ஆயுள் போதாது. ஓர் இதயம் உருவாகித் துடிப்பதைப் பார்க்கவோ ஒரே நாள் போதும். சாதாரண நுண்ணோக்கியும் வரிக்குதிரை மீனின் முட்டையும் இருந்தால் சரி. தாயின் உடலுக்கு வெளியே வளரும் அம்முட்டை, கண்ணாடி போல் தெளிவானது.

இம்மீனை ஆய்வுலகில் நிலைநிறுத்தியவர்களுள் ஒருவர் ஜெர்மானிய உயிரியலாளர் கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட். பழ ஈயின் கருவளர்ச்சி பற்றிய ஆய்வுக்காக, 1995-இல் வேறு இருவருடன் நோபல் பரிசு பெற்றவர். 'கமிங் டு லைஃப்' என்ற பெயரில் 2006-இல் ஆங்கிலத்தில் வெளிவந்த இவரது சிறு நூல், ஒரே செல்லிலிருந்து தலை எது, வால் எது என்பது எப்படித் தீர்மானமாகிறது என விளக்குகிறது.

நூலின் பலம் அதன் ஒழுங்கு. மரபணு, புரதம், கரு, உறுப்பு எனப் படிப்படியாக ஏறுகிறது. ஆசிரியையே வரைந்த படங்கள் பாடத்தைத் தெளிவாக்குகின்றன.

குறையும் உண்டு. இது தன்வரலாறு அன்று. ஆகவே ஆய்வுக்கூட உழைப்பின் கதையை எதிர்பார்ப்பவர் ஏமாறுவர். ஆண் மீன்களின் மரபணுக்களில் இரசாயனத்தால் மாற்றம் உண்டாக்கி, பேரக் குஞ்சுகளின் தலைமுறை வரை வளர்த்து, இதயம் பழுதான கரு எது, கண் பழுதான கரு எது என்று ஒவ்வொன்றாகத் தேடினார்கள். அதன் விளைவு, 1996 டிசம்பரில் ஒரே இதழில் வெளியான 37 கட்டுரைகள்! பழுதைக் கண்டே பணியை அறிவது என்ற இந்த முறைக்குத் தனி அதிகாரமே தந்திருக்கலாம். மீனுக்கோ முதுகெலும்பிகளைப் பற்றிய பகுதியில்தான் இடம்.

மனித மரபணுக்களில் சுமார் 70 சதவீதத்திற்கு இம்மீனில் இணை உண்டு என 2013-இல் தெரியவந்தது. நூல் வந்தபின் கிடைத்த இச்செய்தியையும் சேர்த்துப் படிப்பது நலம்.

கங்கைப் பகுதியில் வாழும் இம்மீனை 1822-இல் விவரித்தவர் பிரான்சிஸ் ஹாமில்டன். நம் நாட்டு மீனின் கதையை நம் மாணவர்கள் அயல்மொழியில்தான் படிக்க வேண்டுமா? வண்ணமீன் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் மீன் இது. ஜவ்வாது மலைப் பள்ளி ஒன்றில் ஒரு தொட்டியும், ஒரு நுண்ணோக்கியும், இந்நூலின் நல்ல தமிழாக்கமும் இருந்தால், அங்கிருந்தும் ஓர் ஆய்வாளர் புறப்படலாம்.