கட்டற்ற மென்பொருளும் நிரலாளர் ஊதியமும்: குனு அறிக்கையின் ஒரு விடையைப் புதுக்கோட்டையிலிருந்து வாசித்தல்

ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதிய ‘குனு அறிக்கை’ 1985 மார்ச்சில் ‘டாக்டர் டாப்ஸ்’ இதழில் வெளிவந்தது. மென்பொருளைப் படியெடுக்கவும் மாற்றவும் பகிரவும் அனைவருக்கும் உரிமை வேண்டும் என வாதிடும் அவ்வறிக்கை, எதிர்வினாக்களைத் தானே எழுப்பி விடை கூறும் அமைப்புடையது. நம் உரையாசிரியர்களின் தடைவிடை முறையை நினைவூட்டுவது. அவ்வினாக்களுள் ஒன்று, நிரலாளர் பட்டினி கிடக்க நேராதா என்பது. எவரும் நிரலாளராகவே இருக்கவேண்டிய கட்டாயமில்லை என்று சற்றுக் கடுமையாகவே தொடங்கும் ஸ்டால்மன், பின்னர் வழிகளைச் சொல்கிறார். மென்பொருளைப் புதிய கணினிகளுக்கு ஏற்ப அமைத்துத் தருதல், கற்பித்தல், பராமரித்தல் ஆகியவற்றுக்கு ஊதியம் கிடைக்கும். அது முன்னினும் குறையலாம் என்பது அவர் விடை. கணினி வாங்குவோரிடம் ஒரு வரி பெற்று மென்பொருள் ஆக்கத்திற்கு வழங்கலாம் என்ற யோசனையும் அதில் உண்டு. அவரே அக்காலத்தில் ஈமாக்ஸ் மென்பொருளைக் காந்த நாடாவில் பதிந்து 150 டாலருக்கு விற்றார்.

ஆங்கிலத்தில் ஒரே சொல் விடுதலையையும் விலையின்மையையும் குறிப்பதால் நேர்ந்த குழப்பம் தமிழுக்கு இல்லை. ‘கட்டற்ற’, ‘இலவச’ என இரு சொற்கள் நம்மிடம் உள்ளன. 2011இல் மாணவர்க்கான மடிக்கணினித் திட்டத்துடன் ‘விலையில்லா’ என்ற மூன்றாம் சொல்லும் பரவியது. எனினும் முதற்சொல் பயன்படுத்துவோரின் உரிமையையும், மற்றவை வாங்குவோரின் செலவையும் பேசுகின்றன. ஆக்கியோரின் கூலியைப் பேசும் சொல் இவற்றுள் இல்லை. கட்டற்ற மென்பொருள் குறித்த தமிழ் எழுத்திலும் இவ்விடைவெளி தொடர்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

புதுக்கோட்டை போன்ற மாவட்டத்தில் கணினிப் பட்டம் பெற்று, சென்னைக்கோ பெங்களூருக்கோ செல்லாமல் ஊரில் தங்கும் ஒருவர் எதனால் பிழைக்கிறார்? பெரும்பாலும் டேலியால். 1986இல் பெங்களூரில் தோன்றிய நிறுவனத்தின் தனியுரிமக் கணக்கியல் மென்பொருள் அது. அதை நிறுவித் தருவது, கடைக்காரரின் விலைப்பட்டியலுக்கு ஏற்ப டிடிஎல் நிரல் எழுதுவது, கணக்கருக்குக் கற்பிப்பது, 2017 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரிக்கு ஏற்ப அமைப்பது ஆகியவற்றால் வருமானம் வருகிறது. ஸ்டால்மன் பட்டியலிட்ட பணிகள் அத்தனையும் இங்கே ஊதியத்துடன் நடைபெறுகின்றன, அவர் மறுத்த உரிமத்தின் நிழலில். சேவையால் வாழலாம் என்ற அவர் கணிப்பு பொய்க்கவில்லை. ஆனால் சேவைக்கான ஊதியம் உரிமத்தின் தன்மையைப் பார்த்து வருவதில்லை. பயன்படுத்துவோர் எங்கே திரண்டிருக்கிறார்களோ அங்கே வருகிறது.

பாடத்திட்டமும் இத்திரட்சியை மாற்றவில்லை. 2000களின் நடுப்பகுதியில் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலின் முதல் தொகுதி ஸ்டார் ஆபிஸைக் கற்பித்தது. அதன் திறந்த மூல வடிவமான ஓப்பன் ஆபிஸ் காசின்றியே கிடைத்தது. மாணவர்கள் தேர்வெழுதிவிட்டு டிடிபி கடைக்கு வந்தபோது அங்கே பேஜ்மேக்கரும் எம்எஸ் வேர்டும் இருந்தன, பலவும் உரிமம் பெறாத படிகள். தனியுரிம மென்பொருளே காசின்றிக் கிடைக்கும் சந்தையில் ‘இலவசம்’ என்னும் வாதத்திற்கு வலுவில்லை. அங்கே அதன் ஆக்கியோருக்கும் விலை சேர்வதில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

தமிழ்த் தட்டச்சு மென்பொருள்களின் வரலாறு இதை மேலும் தெளிவாக்கும். 2000இல் வந்த அழகி காசின்றிக் கிடைப்பது, ஆயினும் கட்டற்றதன்று. தமிழா குழுவினரின் இ-கலப்பை தன்னார்வ உழைப்பில் விளைந்தது. முத்து நெடுமாறனின் இணைமதி எழுத்துரு ஆப்பிள் கணினிகளுடனே வருகிறது. பயனர் தனியே எதுவும் தருவதில்லை. (ஸ்டால்மன் கேட்ட வரியின் தனியார் வடிவம் என்று இதைச் சொல்லத் தோன்றுகிறது.) 2012இல் தொடங்கிய ‘கணியம்’ இதழும், து. நித்யாவின் ‘எளிய தமிழில் MySQL’ முதலிய நூல்களும் பகிரும் உரிமையுடனே வெளிவந்தன. இத்தகைய தன்னார்வப் பணியைத் தாங்குவது பெரும்பாலும் வேறோர் அலுவலகத்தின் மாத ஊதியம். 2015 அக்டோபர் 11 அன்று புதுக்கோட்டையில் கூடிய வலைப்பதிவர் திருவிழாவை முன்னின்று நடத்தியவர்களில் ஆசிரியர்கள் பலர். அவர்தம் கணித்தமிழ்ப் பணிக்கும் பள்ளி ஊதியமே அடித்தளம். இதே மாவட்டத்தில் 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில் தொண்டர்கள் ஊதியமின்றிக் கற்பித்ததை இங்கு ஒப்பிடுவோர் உண்டு. ஒப்புமை பாதிதான் பொருந்தும். இயக்கத்திற்கு ஓர் இலக்கும் முடிவும் இருந்தன. மென்பொருளுக்கோ விண்டோசின் அடுத்த பதிப்பு வந்ததும் மீண்டும் வேலை தொடங்குகிறது.

கட்டற்ற மென்பொருளால் ஊரிலிருந்தே ஊதியம் பெறுவதற்குச் சான்றாக, நம் கல்லூரி நூலகங்களில் உள்ள கோஹாவைக் காட்டலாம். நியூசிலாந்தில் ஒரு நூலக அறக்கட்டளைக்காக எழுதப்பெற்று 2000 சனவரியில் பயன்பாட்டுக்கு வந்த மென்பொருள் அது. தரமதிப்பீட்டுக்காக நூலகத்தைத் தானியங்கியாக்கும் கல்லூரிகளுக்கு அதை நிறுவி, பழைய நூற்பட்டியலை மாற்றித் தருவோர் அதற்குக் கட்டணம் பெறுகின்றனர். இங்கே பணம் தருவது தனியாள் அன்று, நிறுவனம். அது வாங்குவது நிரலை அன்று, உழைப்பை. ஆனால் அலுவலக ஏடுகள் இவ்வேறுபாட்டை இன்னும் ஏற்கவில்லை. கட்டுரையாளர் அறிந்த ஒரு கல்லூரியில், கோஹா நிறுவிய இளைஞர் ‘நிறுவுதல், தரவு மாற்றம், பயிற்சி’ என எழுதித் தந்த பட்டியல் திருப்பி அனுப்பப்பட்டது. உழைப்புக்கெனத் தனிக் கணக்குத் தலைப்பு இல்லையாம். ‘மென்பொருள் விலை’ என்று மாற்றி எழுதிய பின்னரே அவருக்குக் காசோலை கிடைத்தது. அடுத்த ஆண்டு பராமரிப்புக்கு அவர் அனுப்பிய பட்டியலின்மேல், மென்பொருள் ஏற்கெனவே வாங்கப்பட்டுவிட்டது என்ற குறிப்பு எழுதப்பட்டிருந்தது.