சுடர் எந்தப் பக்கம் பார்க்கிறது?

பழைய பாணிச் சுவர் விளக்கு எதைப் பார்த்தாலும் என் கண் முதலில் போவது அதன் கண்ணாடிக் குடுவை எந்தப் பக்கம் வாய் திறந்திருக்கிறது என்ற இடத்துக்குத்தான். மேலே திறந்திருந்தால் அது பெரும்பாலும் மெழுகுவத்தியின் வழியிலோ எரிவாயுவின் வழியிலோ வந்த வடிவம். கீழ்நோக்கிக் கவிழ்ந்திருந்தால் அநேகமாக மின்சாரத்தின் பிள்ளை. தீ மேல்நோக்கியே எரியும். மின்னிழைக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் ஐரோப்பியச் சுவர் விளக்குகளின் முந்நூறு ஆண்டு வரலாறு கண்முன் வரிசையில் நிற்கும். கடையில் ஏமாறாமலும் இருக்கலாம்.

மெழுகுவத்திக் காலத்தில் வெளிச்சம் விலை உயர்ந்த சரக்கு. அதனால் விளக்கைத் தாங்கும் கையைவிட அதன் பின்னால் சுவரோடு ஒட்டி நிற்கும் தகட்டுக்கே கைவினைஞர்கள் அதிகம் உழைத்தார்கள். மெருகேற்றிய பித்தளை, வெள்ளி, பாதரசம் பூசிய கண்ணாடி என்று எதில் செய்தாலும் நோக்கம் ஒன்றே: சுவரின் இருட்டில் கரைந்துபோகும் பாதி வெளிச்சத்தை மறித்து அறைக்குள் திருப்பி அனுப்புவது. 18ஆம் நூற்றாண்டு பிரான்சில் பொன்முலாம் பூசிய வெண்கலக் கொடிகளாக இந்த விளக்குக் கைகள் வளைந்து நெளிந்தன. அந்த இலைகளும் சுருள்களும் வெறும் அலங்காரம் என்று தோன்றும். சுடர் அசையும்போது ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு துளி ஒளி ஏறி இறங்குவதைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அசையாத ஒளியில் அதே கொடி பாதி உயிரை இழந்து நிற்கும்.

1792இல் வில்லியம் மர்டாக் இங்கிலாந்தின் ரெட்ருத் ஊரில் தன் வீட்டை நிலக்கரி வாயுவால் ஒளியேற்றினார். அடுத்த நூற்றாண்டு முழுக்க வாயு விளக்கு கோலோச்சியது. விக்டோரியா காலச் சுவர் விளக்குகளின் அழகு குழாயின் அழகு. சுவரிலிருந்து பித்தளைக் குழாய் ஒன்று வளைந்து வெளியே வரும். நடுவில் வாயுவைத் திறந்து மூட, விரலால் திருகும் சிறு திருகி. சில விளக்குகளில் கையை இடமும் வலமும் மடக்குவதற்கு மூட்டும் உண்டு. நுனியில் மேல்நோக்கி மலர்ந்த, பூவேலை செதுக்கிய கண்ணாடி. ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு வேலை இருந்தது. இன்று நகல் செய்பவர்கள் அந்தத் திருகியையும் விடாமல் வைக்கிறார்கள். திறக்க ஒன்றுமில்லாவிட்டாலும் அது இருக்கட்டும் என்பதே என் கட்சி. அது இல்லாத வாயு விளக்குக் கை மொட்டையாகத் தெரிகிறது.

வாயு விளக்கின் கரிப்புகை கூரைகளைக் கறுப்பாக்கியது, செடிகளை வாட்டியது. அந்தப் புகையிலும் பிழைத்ததால்தான் அஸ்பிடிஸ்ட்ரா என்ற செடி விக்டோரியக் கூடங்களில் நிரந்தர இடம் பிடித்தது. 1885இல் ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் அவுவர் ஃபான் வெல்ஸ்பாக் வாயுச் சுடரில் வெண்மையாக ஒளிரும் மேண்டிலுக்குக் காப்புரிமை பெற்றார். நம் திருவிழாக்களில் பெட்ரோமாக்ஸுக்குள் எரிந்த மேண்டிலின் மூதாதை அதுதான். பிறகு அவர் கண்டடைந்த கலவையில் ஏறத்தாழ 99 சதவீதம் தோரியம் ஆக்சைடு, 1 சதவீதம் சீரியம் ஆக்சைடு. அந்தத் தோரியத்துக்கும் நமக்கும் நேரான தொடர்பு இருக்கிறது. 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், தென்திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டார். அது தோரியம் தரும் கனிமம். அதன் விளைவாகவே இன்றைய குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை எழுந்தது. ஐரோப்பியக் கூடங்களின் வாயு வெளிச்சத்தில் நம் கடற்கரை மணலுக்கும் பங்குண்டு.

மின்சாரம் வந்ததும் சுடர் தலைகீழானது. இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில் உள்ள தன் கிராக்சைட் மாளிகையில் வில்லியம் ஆம்ஸ்ட்ராங் 1880இல் ஜோசப் ஸ்வானின் பல்புகளை நீர்மின்சாரத்தில் ஏற்றினார். ஆனால் இந்தப் புது ஒளிக்குத் தகுந்த சுவர் விளக்கு எப்படி இருக்க வேண்டும் என்பதை அறிய நான் போகச் சொல்லும் வீடு, சசெக்ஸில் உள்ள ஸ்டாண்டென். லண்டன் வழக்கறிஞர் ஜேம்ஸ் பீலின் குடும்பத்துக்காகக் கட்டடக் கலைஞர் ஃபிலிப் வெப் 1890களின் தொடக்கத்தில் கட்டியது. தொடக்கத்திலிருந்தே மின்விளக்கோடு அமைந்த வீடு. விளக்குகளில் பல, உலோக விளக்கு வடிவமைப்பாளர் டபிள்யூ. ஏ. எஸ். பென்சனின் பட்டறையிலிருந்து வந்தவை. வரவேற்பறைச் சுவர்களில் மட்டும் வெப் தானே வரைந்த செம்புத் தகடுகள். சூரியகாந்தி மலரைப் புடைப்பு வேலையாக அடித்து எடுத்தவர் ஜான் பியர்சன். தகட்டின் முன்னால் பல்பு. அன்றைய கரியிழை பல்பின் பலம் வழக்கமாக 16 மெழுகுவத்தி அளவு, அதுவும் மஞ்சள் கலந்த ஒளி. அந்த மங்கல் வெளிச்சம் சம்மட்டி விழுந்த செம்பில் பட்டுத் திரும்பும்போது சுவரே லேசாகச் சிவந்து கனிகிறது. மெழுகுவத்திக் காலத்துப் பித்தளைத் தகடு செய்த அதே வேலையை, சுடர் போய் இழை வந்த பிறகும் செம்பு செய்கிறது. எனக்குத் தெரிந்த சுவர் விளக்குகளில் இவற்றுக்கே முதலிடம்.

டங்ஸ்டன் இழை வந்து பல்பு பிரகாசமானதும் கண்ணைக் காப்பது புதிய பொறுப்பானது. 1920, 30களின் ஆர்ட் டெகோ பாணி விளக்குகள் பல்பை முழுவதுமாக மறைத்து, பால் நிறக் கண்ணாடியின் வழியே ஒளியைக் கசியவிட்டன. நேர்க்கோடும் படிக்கட்டு வடிவமும் குரோமிய விளிம்பும் அந்தக் காலத்தின் முத்திரை. தாழ்ந்த கூரை கொண்ட இன்றைய அடுக்குமாடி வீட்டுக்கு இவையே மிகவும் பொருந்தும். வளைந்த பொன்முலாம் கொடிகள் பத்தடிக்கும் குறைந்த உயரத்தில் மூச்சு முட்டும்.

சுவரில் விளக்கு என்பது நமக்கு இரவல் எண்ணம் இல்லை. பழைய வீடுகளில் நிலைவாசலின் இருபுறமும் சுவருக்குள் குடைந்த விளக்கு மாடங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கை எட்டும் உயரத்தில் அகல், அதைச் சுற்றி ஒளி வாங்கும் சுண்ணாம்புச் சுவர். பிறகுதான் டியூப்லைட் வந்து கூரைக்கு அருகே ஏறி, அறை முழுவதையும் ஒரே வெளுப்பில் தோய்த்தது. பழைய பாணி விளக்கை வாங்குகிறவர்கள் பலர் அந்த வெளுப்பை விட மனமில்லாமல் அதற்குள்ளும் 9 வாட் ‘கூல் டேலைட்’ பல்பை மாட்டுகிறார்கள். விக்டோரியப் பித்தளையும் செதுக்கிய கண்ணாடியும் அந்த 6500 கெல்வின் ஒளியில் மருத்துவமனைத் தளவாடமாகிவிடுகின்றன. 16 மெழுகுவத்தி பலம் என்பது இன்றைய கணக்கில் சுமார் 200 லூமன். 2 வாட் எல்இடி இழை பல்பு அதைத் தரும். நிறம் 2200 கெல்வின் ஆனால் சிறப்பு, 2700க்கு மேல் வேண்டாம். படிக்கத் தனி விளக்கு வைத்துக்கொள்ளலாம்.

உயரம்: பல்பின் நடுப்பகுதி தரையிலிருந்து ஐந்தரை அடிக்கும் ஆறடிக்கும் இடையே. நிற்பவரின் முகத்தில் பக்கவாட்டில் ஒளி விழ வேண்டும். மேலே ஏற்றினால் கண்ணுக்குக் கீழே நிழல் குழி விழும். வாங்கும் முன் பல்பு மாட்டும் தாங்கியைப் பாருங்கள். நம் வீடுகளில் பரவலாக இருக்கும் பின் வகை பிரிட்டனின் வழி வந்தது. ஐரோப்பிய நகல்களில் பெரும்பாலும் சிறிய திருகுமரை இருக்கும். பித்தளை உடலுக்கு எர்த் கம்பி கட்டாயம். மெருகெண்ணெய் பூசிய பித்தளை என்றால் புளி போட்டுத் தேய்க்கக் கூடாது, மெல்லிய துணி போதும். பூச்சு இல்லாத பித்தளை கடற்காற்றில் சீக்கிரம் கறுக்கும். அந்தக் கறுப்பு எனக்குப் பிடிக்கும், மேடான இடங்களை மட்டும் துடைத்துவிட்டால் வேலைப்பாடு இன்னும் எடுப்பாகத் தெரியும்.

பிடிக்காத ஒன்று, மெழுகு வழிந்து உறைந்ததுபோல வார்த்த பிளாஸ்டிக் வத்தி. எந்தக் காலத்துக் கைவினைஞரும் வழிந்த மெழுகை அழகென்று எண்ணவில்லை. அது சிந்தாமல் தடுக்கத்தான் வத்திக்குக் கீழே கிண்ணம் வைத்தார்கள்.

ஒரே ஒரு ஜோடிக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் கூடத்துக் கண்ணாடியின் இருபுறமும் மாட்டுங்கள். கண்ணாடி அவற்றை இரட்டிப்பாக்கித் தரும். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் சுவர் பூசுவதற்கு முன்பே எலக்ட்ரீசியனிடம் இடம் குறித்துக் கொடுத்து, குழாய் இறக்கி, டிம்மர் வைக்கும் ஸ்விட்சுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். விளக்கைப் பிறகு நிதானமாகத் தேடி வாங்கலாம்.